மாமாவின் வானொலியும் ஒரு குட்டி டயோடும்

மலாக்காவில் மாலை நேர இடி ஒரு செய்தியே அல்ல. உலகில் மின்னல் அதிகம் விழும் நாடுகளில் மலேசியாவும் ஒன்று. புக்கிட் காத்தில், டுரியான் துங்கால், ஆயர் குரோ பக்கம் குடியிருப்பவர்களுக்கு இதைப் புள்ளிவிவரம் காட்டி விளக்க வேண்டியதில்லை. வானம் கறுத்தால் முதலில் கொடியில் கிடக்கும் துணியை எடுக்க ஓடுவோம். அடுத்து டிவி பிளக்கைப் பிடுங்குவோம். பிடுங்க மறந்த வீட்டில் மறுநாள் ஏதாவது ஒரு சாமான் ஊமையாகிக் கிடக்கும்.

அப்படி ஊமையானதை என்ன செய்கிறோம்? பெரும்பாலும் தூக்கிப் போடுகிறோம். "ரிப்பேர் பண்ற காசுக்குப் புதுசே வாங்கிடலாம்" என்பது நம் வீடுகளில் பழமொழி மாதிரி ஆகிவிட்டது. பல நேரம் அது சரியான கணக்குதான். ஆனால் ஒரு பொருள் அந்த வீட்டில் என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று பார்க்காமல் போடும் கணக்கு சில நேரம் தப்பாகிவிடும். என் தாய்மாமாவின் வானொலி அப்படிப்பட்டது.

மாமாவுக்கு வயது எழுபத்தெட்டு. பால் மரம் வெட்டி வாழ்ந்தவர். மலாயாவில் ரப்பர் வாணிபப் பயிராக முதலில் வேரூன்றியதே இந்தப் பக்கத்தில்தான். 1896இல் தான் சே யான் என்ற மலாக்கா சீனர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். அந்த மரங்களின் பேரன் பேத்தி மரங்களை வெட்டிய தலைமுறை என் மாமாவுடையது. தோட்டம் துண்டாடப்பட்ட பிறகு புக்கிட் காத்திலில் ஒரு தரை வீட்டுக்கு வந்துவிட்டார். விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பழகிய உடம்பு இன்னமும் ஐந்து மணிக்கு எழுந்துவிடும். எழுந்து என்ன செய்வது? இனிப்பு நீர் அவருடைய கண்பார்வையை ஏறக்குறைய முழுதாகவே எடுத்துக்கொண்டது. அத்தையும் இப்போது இல்லை.

இருப்பது வானொலிதான். கேசட் போடும் வசதியுள்ள பழைய பெட்டி. சுவரில் நேராகச் செருகும் வகை. அலைவரிசைக் குமிழில் அத்தை ஒட்டிய ஒரு துண்டு பிளாஸ்டர் இருக்கிறது. அந்தத் துண்டு விரலுக்கு நேரே வந்து நின்றால் தமிழ் நிலையம். மாமாவுக்கு அந்தப் பெட்டியில் கண் தேவையில்லை.

ஒரு மாலை இடிக்குப் பிறகு அது பேசவில்லை. டிவியின் டிகோடர் பெட்டிக்கு மின்சாரம் கொடுக்கும் கறுப்பு அடாப்டர் அதற்கு ஒரு வாரம் முன்பே செத்திருந்தது. மாமா மகன், என் மச்சான், உடனே கடைக்குப் போய்ப் புளூடூத் ஸ்பீக்கர் ஒன்று வாங்கி வந்தான். நல்ல ஸ்பீக்கர்தான். ஆனால் அதைப் பேசவைக்கக் கைப்பேசி வேண்டும், கைப்பேசியில் செயலி வேண்டும், செயலியைப் பார்க்கக் கண் வேண்டும். மாமா இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் எனக்குப் போன் வந்தது.

"மாப்பிள்ள, நீ ரேடியோவில பேசுற. இங்க ரேடியோவே பேசல."

எனக்கு மைக் முன்னால் பேசத்தான் வரும். உள்ளே இருக்கும் சாமான்களைப் பற்றித் தெரிந்தவர் எங்கள் நிலையத்தில் ஒலிபரப்புக் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன். அவருக்கு ஊர் ஜாசின். வார இறுதியில் ஊருக்கு வரும் வழியில் சாலிடரிங் பென்சிலோடும் மீட்டரோடும் புக்கிட் காத்தில் வீட்டில் இறங்கினார். மேசையில் பழைய பேப்பர் விரித்தோம். வானொலி ஒரு பக்கம், அடாப்டர் ஒரு பக்கம். இரண்டிலும் செத்திருந்தது ஒரே வகைச் சாமான், டயோடு.

டயோடு என்பது மின்சாரத்துக்கு ஒரு வழிச் சாலை. மலாக்கா நகரத்துக்குள் வண்டி ஓட்டியவர்களுக்கு ஒரு வழிச் சாலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சுவரிலிருந்து வரும் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று முன்னும் பின்னுமாக ஓடுவது. வானொலியின் உள்ளே இருக்கும் பாகங்களுக்கு ஒரே திசையில் ஓடும் மின்சாரம்தான் வேண்டும். போகிற பக்கம் விட்டு, திரும்பி வருவதைத் தடுத்து, அந்த மாற்றத்தைச் செய்யும் டயோடுக்கு ரெக்டிஃபையர் என்று பெயர். தமிழ்ப் பாடநூல்களில் அலைதிருத்தி என்பார்கள். பார்க்க ஒரு நெல்லை விடக் கொஞ்சம் பெரிதாக, கறுப்பாக, ஒரு முனையில் வெள்ளிக் கோடு போட்டு இருக்கும்.

வானொலிக்கும் டயோடுக்கும் உள்ள உறவு பழையது. சில கனிமப் படிகங்கள் மின்சாரத்தை ஒரு பக்கமாகத்தான் நன்றாக விடுகின்றன என்று 1874இல் ஜெர்மனியில் பிரவுன் கண்டார். கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் கலீனா என்ற ஈயக் கனிமத்தை வைத்து வானொலி அலைகளை உணரும் கருவியைச் செய்தார். அதற்கு 1904இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. 1946 ஏப்ரலில் ரேடியோ மலாயா தொடங்கியபோது தமிழும் அதன் மொழிகளில் ஒன்றாக இருந்தது. அவசரகாலத்தில் தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் எல்லாரும் சேர்ந்து கேட்க வானொலிப் பெட்டிகள் வைத்தார்கள். லயத்துப் பிள்ளைகளோடு அந்தப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்த கதையை, நாங்கள் திருகாணி கழற்றிக்கொண்டிருந்தபோது மாமா சொன்னார்.

முதலில் வானொலி. அண்ணன் மீட்டரை டயோடு குறிக்குத் திருப்பினார். நல்ல டயோடாக இருந்தால் ஒரு பக்கம் வைத்துப் பார்க்கும்போது 0.6 மாதிரி ஒரு எண் வரும். திருப்பி வைத்தால் ஒன்றும் வராது. நான்கில் ஒன்று இரண்டு பக்கமும் 'பீப்' என்று கத்தியது. ஒரு காலைப் பலகையிலிருந்து தூக்கிவிட்டுத் திரும்பவும் பார்த்தார். அப்போதும் கத்தியது. ஒரு வழிச் சாலை இரு வழிச் சாலையாகிவிட்டது. அதனால்தான் பியூஸும் போயிருந்தது. மின்னலா, வயதா என்று செத்த டயோடு சொல்லாது.

அதன் மேல் இருந்த எண் 1என்4002. இந்தக் குடும்பத்தில் 1என்4001 முதல் 1என்4007 வரை ஏழு பேர். ஏழும் 1 ஆம்பியர் தாங்கும். வித்தியாசம், திரும்பி வர முயலும் மின்னழுத்தத்தை எவ்வளவு வரை தடுத்து நிறுத்தும் என்பதில்தான். 4001 என்றால் 50 வோல்ட், 4002 என்றால் 100, 4004 என்றால் 400, 4007 என்றால் 1000 வோல்ட். விலையில் பெரிய வித்தியாசம் கிடையாது. அதனால் கடைகளில் 4007தான் எப்போதும் கிடைக்கும். மச்சானும் பத்து 4007 வாங்கி வைத்திருந்தான்.

4002 இருந்த இடத்தில் 4007 போடலாமா? இந்த வானொலியில் தாராளமாகப் போடலாம். உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் சுவர் மின்சாரத்தைச் சுமார் 12 வோல்ட்டாகக் குறைத்துவிட்டுத்தான் டயோடிடம் கொடுக்கிறது. 12 வோல்ட் என்று சொல்வது ஒரு வகைச் சராசரி. அலையின் உச்சி அதை 1.414ஆல் பெருக்கினால் வரும், கிட்டத்தட்ட 17 வோல்ட். நான்கு டயோடு சேர்ந்த இந்த அமைப்பில் ஒவ்வொன்றும் அந்த உச்சியைத் தாங்கினால் போதும். இரண்டே டயோடு வைத்து, டிரான்ஸ்ஃபார்மரின் நடுவிலிருந்து ஒரு கம்பி எடுத்திருந்தால் அதுபோல் இரு மடங்கு தாங்க வேண்டும். எந்த அமைப்பு என்று பார்க்காமல் எண்ணை மட்டும் பார்ப்பது அரைக் கணக்கு.

அண்ணன் ஒன்றை மட்டும் மாற்றவில்லை. நான்கையும் மாற்றினார். "ஒண்ணு ஷார்ட் ஆனப்ப பக்கத்துல உள்ளதும் அடி வாங்கியிருக்கும் தம்பி. இன்னைக்கு நல்லாக் காட்டும், அடுத்த மாசம் போகும்" என்றார். டயோடு கெட்டபோது மாறுதிசை மின்சாரம் உள்ளே நுழைந்திருக்கும் என்பதால் பக்கத்தில் நின்ற பெரிய கெப்பாசிட்டரையும் பார்த்தார். அது உப்பியிருக்கவில்லை, அளவும் சரியாக இருந்தது. போன பியூஸுக்கு அதே அளவு பியூஸ். கம்பியைச் சுற்றிப் பியூஸ் போடும் வேலை மட்டும் கூடவே கூடாது என்றார்.

அடுத்தது அடாப்டர். மச்சான் கையில் மிச்சம் ஆறு டயோடு இருந்தது.

"அண்ணே, அதான் 4007 இருக்கே. ஆயிரம் வோல்ட் தாங்குது. இதுக்கும் போட்டுரலாமே."

"தாங்கும் தம்பி. ஆனா நேரத்துக்கு வேலைக்கு வராது."

அங்கேதான் எனக்கு விஷயம் சுவாரசியமாயிற்று. இன்றைய அடாப்டர் ஏன் இவ்வளவு குட்டியாக, லேசாக இருக்கிறது? பழைய பெட்டியைப் போல 50 சுற்று மின்சாரத்தை அப்படியே டிரான்ஸ்ஃபார்மருக்குள் விடுவதில்லை. முதலில் சுவர் மின்சாரத்தை ஒரு திசையாக்கி, பிறகு அதை வெட்டி வெட்டி விடுகிறது. இந்த வகை அடாப்டரில் விநாடிக்கு 60,000 தடவைக்கு மேல்கூட வெட்டு நடக்கும். வேகம் கூடினால் டிரான்ஸ்ஃபார்மர் சிறிதானாலே போதும். அதற்கு அப்பால் நிற்கும் டயோடு அத்தனை தடவையும் திறந்து மூட வேண்டும். ஒரு சுற்றுக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 15 மைக்ரோவிநாடி. 4007 திறந்த பிறகு முழுதாக மூடிக்கொள்ளவே பல மைக்ரோவிநாடி எடுக்கும். அது மூடுவதற்குள் அடுத்த சுற்று வந்து நிற்கும். மூட நேரமில்லாத டயோடு சூடேறி வெடிக்கும். 50 சுற்றில் இந்தக் குறை வெளியே தெரியாது. அங்கே ஒரு திருப்பத்துக்கே 10,000 மைக்ரோவிநாடி கிடைக்கிறது.

கேட்டுக்கொண்டிருந்த மாமா சிரித்தார். "பெரட்டு முடிஞ்சப்புறம் வந்து நிக்கிற ஆளு மாதிரின்னு சொல்லு. பலம் இருந்து என்ன பண்ண?"

அந்த இடத்துக்கு வேண்டியது ஷாட்கி டயோடு. ஜெர்மானிய இயற்பியலாளர் வால்டர் ஷாட்கியின் பெயர் கொண்ட வகை. மிக வேகமாக மூடும். மின்சாரம் கடக்கும்போது தனக்கென்று பிடித்துக்கொள்ளும் வோல்ட்டும் குறைவு, அதனால் சூடும் குறைவு. காற்றே போகாத பிளாஸ்டிக் டப்பாவுக்குள் அது பெரிய விஷயம்.

சிக்கல் எங்கே என்றால், செத்த டயோடின் உடம்பு கருகிப்போயிருந்தது. எழுத்தில் கடைசியாக '100' மட்டும் மிஞ்சியிருந்தது. அடாப்டரின் முதுகில் 12 வோல்ட், 2 ஆம்பியர் என்று இருந்தது. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு மச்சானும் நானும் டவுனில் உள்ள எலெக்ட்ரானிக் சாமான் கடைக்குப் போனோம்.

கவுண்டரில் இருந்த பையன் 12 வோல்ட் என்றதுமே ஒரு டயோடை எடுத்து வைத்தான். 1என்5822. ஷாட்கிதான். 3 ஆம்பியர், 40 வோல்ட். 2 ஆம்பியருக்கு 3 போதும், 12 வோல்ட்டுக்கு 40 போதும். கேட்கிறவர்களுக்கு எல்லாம் சரியாகத்தான் படும். உள்ளே இருந்து எட்டிப் பார்த்த தவுக்கே மட்டும் மலாயில் ஒரு கேள்வி கேட்டார்: "பழையது எத்தனை வோல்ட்?"

அதுதான் சரியான கேள்வி. காரணத்தைத் திரும்பி வந்ததும் அண்ணன் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். நம் நாட்டில் சுவர் மின்சாரம் 230 வோல்ட் என்று குறிக்கப்பட்டாலும் 253 வரை போகலாம் என்பது விதி. 253இன் உச்சி 358 வோல்ட். அடாப்டரின் குட்டி டிரான்ஸ்ஃபார்மர் அதை எட்டில் ஒன்றாகக் குறைக்கிறது என்று வைத்துக்கொண்டால் சுமார் 45. டயோடு மூடி நிற்கும்போது அந்த 45ம், மறுபக்கம் சேர்ந்து நிற்கும் 12ம் கூட்டாக அதன் மேல் விழும். 57 வோல்ட். வெட்டும்போது எழும் துள்ளல் அதற்கும் மேல். 40 வோல்ட் டயோடு முதல் நாளே போகும். 60 வோல்ட் டயோடு விளிம்பில் நிற்கும். 100 வோல்ட் இருந்தால் நிம்மதி. கருகிய உடம்பில் மிஞ்சிய '100' அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. வெளியே வரும் 12 வோல்ட்டை மட்டும் பார்க்கிறவருக்கு இந்த 57 கண்ணில் படாது.

தவுக்கே இழுப்பறையிலிருந்து எஸ்ஆர்5100 எடுத்துக் கொடுத்தார். ஷாட்கி, 5 ஆம்பியர், 100 வோல்ட். 2 ஆம்பியர் அடாப்டருக்கு 5 எதற்கு என்று மச்சான் கேட்டான். 2 ஆம்பியர் என்பது சராசரி. ஒவ்வொரு வெட்டின் தொடக்கத்திலும் பாய்வது அதைப் போலப் பல மடங்கு. கூடவே சூடு. இடம் இருந்தால் ஆம்பியரைத் தாராளமாக வைப்பதில் நஷ்டமில்லை. வோல்ட்டை மட்டும் தேவைக்கு மேல் ஏற்றிக்கொண்டே போக வேண்டாம். ஷாட்கி வகையில் தாங்கும் வோல்ட் கூடக் கூட, கடக்கும்போது பிடித்துக்கொள்ளும் வோல்ட்டும் கூடும்; டப்பாவுக்குள் சூடும் ஏறும். விலை ஒரு வெள்ளிக்குள் முடிந்தது. வண்டியை நிறுத்தியதற்குக் கொடுத்த காசு அதைவிட அதிகம்.

அடாப்டரைத் திறக்க நினைக்கும் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உள்ளே உள்ள பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் சேர்ந்து நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அது அங்கேயே இருக்கலாம். ஆளைக் கொல்லப் போதும். அண்ணன் அதை முறையாக இறக்கி, மீட்டரில் பூச்சியம் பார்த்த பிறகுதான் விரல் வைத்தார். பழக்கமில்லாதவர்கள் திறக்காதீர்கள். பழக்கமுள்ளவரிடம் கொடுங்கள். புதிது வாங்குவதென்றால் அதே வோல்ட், அதே அல்லது கூடுதல் ஆம்பியர், நடுமுனையின் கூட்டல் கழித்தல் குறி, சிரிம் முத்திரை, இந்த நான்கையும் பார்த்து வாங்குங்கள். செத்ததைக் குப்பைத் தொட்டியில் போடாமல் மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். நம் நாட்டுச் சட்டத்தில் மின்கழிவு தனிப் பட்டியலில் உள்ள கழிவு.

இரண்டையும் மூடுவதற்கு முன்னால் அண்ணன் இன்னொரு வேலை செய்தார். பழைய கம்பி பல்பு ஒன்றை வரிசையில் இணைத்து, அதன் வழியாக முதலில் வானொலிக்கு மின்சாரம் கொடுத்தார். உள்ளே இன்னும் ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், பெட்டி தப்பித்துக்கொள்ளும். பல்பு ஒரு கணம் மினுங்கி மங்கியது. மாமா நாற்காலியை முன்னால் நகர்த்தினார். அவரே கை நீட்டி, குமிழைத் தேடி, பிளாஸ்டர் துண்டு விரலுக்கு வரும்வரை திருப்பினார். யாரோ ஓர் அறிவிப்பாளர் நேயர் ஒருவரின் பேத்திக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இவன் நல்லாப் பேசுவான்" என்றார் மாமா, என் பக்கம் திரும்பாமலே.

மச்சான் ஒன்றும் பேசவில்லை. புளூடூத் ஸ்பீக்கர் வாங்கியதில் அவன் குற்றம் எதுவும் கிடையாது. அப்பா சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் ஓடிப் போய் வாங்கிய பிள்ளை அவன். சத்தம் வேண்டும் என்ற தேவைக்கு ஸ்பீக்கர் சரியான மாற்று. அந்த வீட்டில் வானொலி செய்த வேலை அது மட்டுமாக இல்லை. கண் இல்லாமல், யாரையும் கூப்பிடாமல், விடியற்காலை ஐந்து மணிக்குத் தானே திறந்துகொள்ளக்கூடிய ஒன்றாக அது இருந்தது. டயோடுக்குக் கேட்ட கேள்வியையே பெட்டிக்கும் கேட்க வேண்டியிருந்தது.

மச்சான் பிறகு ஒரு காரியம் செய்தான். வெள்ளை டேப்பில் இரண்டு சீட்டு எழுதினான். வானொலியின் முதுகில்: 'நான்கு டயோடு, 1என்4007, பியூஸ் மாற்றியது.' அடாப்டரில்: 'டயோடு ஷாட்கி, 5 ஆம்பியர், 100 வோல்ட், 4007 போடாதே.' கீழே மாதமும் ஆண்டும். அடுத்த தடவை திறக்கப் போகிறவர் யாரென்று தெரியாது. அவருக்குக் கருகிய எழுத்தைப் படிக்கும் வேலை மிச்சம்.